மாமாவின் இடுப்புப் பிடிப்பு: எங்கள் குடும்பக் குழுவில் பேசியது

மதுரை அத்தை: மாமாவுக்கு நாலஞ்சு நாளாக இடுப்புப் பிடிப்பு. கேஸ் சிலிண்டரைத் தூக்கியதில் ஆரம்பித்தது. நாளைக்கு எம்ஆர்ஐ எடுக்கலாம் என்று இருக்கிறோம்.

அருண்: எங்கள் தெரு ஸ்கேன் சென்டரில் சலுகை போட்டிருக்கிறார்கள் அத்தை. டாக்டர் சீட்டு கூட வேண்டாமாம்.

தேனு: அத்தை, கொஞ்சம் பொறுங்கள். மாமா, வலி காலுக்கு இறங்குகிறதா? கால் மரத்துப் போவது, பலம் குறைவது? சிறுநீர் போவதில் சிரமம்? உட்காரும் இடத்தில் உணர்ச்சி குறைந்த மாதிரி? காய்ச்சல்?

மதுரை மாமா: அதெல்லாம் ஒன்றும் இல்லைம்மா. படுக்கையில் திரும்பினால்தான் உயிர் போகிறது.

தேனு: முன்பு புற்றுநோய், எலும்பு முறிவு, நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை எதுவும் இல்லைதானே? அப்படியென்றால் இப்போது ஸ்கேன் வேண்டாம் மாமா. இது தசைப் பிடிப்பு மாதிரிதான் தெரிகிறது. பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆபத்து அறிகுறி இல்லாவிட்டால் முதல் 6 வாரம் படம் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவர் சங்கங்களே 2012இல் சொல்லிவிட்டன.

அருண்: எடுத்துப் பார்த்துவிட்டால் நிம்மதிதானே? எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு கூடக் கிடையாது.

தேனு: கதிர்வீச்சு இல்லை, சரி. ஆனால் நிம்மதி வராது அருண். முதுகு வலியே இல்லாத 3110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. 60 வயதுக்காரர்களில் 88% பேருக்கு டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு, தேய்ந்திருந்தது; 69% பேருக்கு டிஸ்க் பிதுக்கம். 20 வயதிலேயே 37% பேருக்குத் தேய்மானம் இருந்தது. மாமாவுக்கு எடுத்தாலும் ஏதாவது எழுதித்தான் வரும். வலி அதனால்தான் என்று எப்படிச் சொல்வது?

பெரியம்மா: எனக்கு "ஜவ்வு விலகல்" என்று ரிப்போர்ட் வந்ததிலிருந்து குனிந்து கோலம் போடவே பயம். வலி போய் ரொம்ப நாளாகிறது. இன்னும் பெல்ட்டைக் கழற்றவில்லை.

தேனு: பெரியம்மா, எனக்கு மனசே கேட்கவில்லை. வலி போயும் பயம் போகவில்லை பாருங்கள். நல்ல பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பார்த்து பெல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். சின்னக் கோலமாக ஆரம்பியுங்கள்.

மதுரை அத்தை: சரி, அப்போ இவரைப் படுக்க வைக்கட்டுமா?

தேனு: படுத்தே இருக்கக் கூடாது அத்தை. வீட்டுக்குள் நடக்கட்டும், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். மாமாவுக்கு சுகர், பிரஷர் இருப்பதால் வலி மாத்திரையை மெடிக்கலில் நேரே வாங்காதீர்கள், கிட்னிக்கு ஆகாது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கேளுங்கள். நான் முதலில் கேட்டதில் ஏதாவது ஒன்று வந்தால் ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். 6 வாரத்தில் குறையவில்லை என்றால் அப்போது ஸ்கேனைப் பற்றி யோசிப்போம்.

சென்னை சித்தப்பா: தேனு, எங்கள் வாட்ச்மேனுக்கு இரண்டு மாதமாக முதுகு வலி. சாயங்காலமானால் காய்ச்சல், ஆள் பாதியாகிவிட்டார். அவருக்கும் பொறுத்துப் பார்க்கலாமா?

தேனு: கூடாது சித்தப்பா! அவருக்கு ஸ்கேன் அவசியம் தேவைப்படும். காய்ச்சலும் எடை குறைவும் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்த்தே ஆகணும். விட்டால் கால் செயலிழந்து போகலாம். அரசு மருத்துவமனையில் காசநோய் மருந்து இலவசம்.

சென்னை சித்தப்பா: நாளைக் காலை நானே சென்ட்ரல் எதிரில் இருக்கும் ஜி.எச்.சுக்குக் கூட்டிப் போகிறேன். ஓ.பி. சீட்டு வாங்கியதும் உனக்கு போன் போடுகிறேன்.