மறு: ‘கர்ட்’ என்பதற்குத் தமிழில் என்ன? (யார்க்‌ஷயர் கர்ட் டார்ட் குறிப்புக்காக)

நண்பர்களே, வணக்கம்.

இழை நீண்டுகொண்டே போகிறது. பாதிப் பேர் ‘தயிர் என்றே போடுங்கள், எல்லாருக்கும் புரியும்’ என்கிறீர்கள், மீதிப் பேர் ‘பன்னீர்’ என்கிறீர்கள். இரண்டும் ஏன் சரிவராது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் என் பரிந்துரை. அடுமனைச் சொற்பட்டியலில் மற்ற சொற்களைத் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போட முடியாது, ஏனென்றால் பண்டத்தின் பெயரிலேயே இது உட்கார்ந்திருக்கிறது.

புதிதாக இழைக்குள் வந்தவர்களுக்காகப் பண்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயர். வென்ஸ்லிடேல் பாலாடைக்கட்டி பிறந்த ஊர்ப்பக்கம் அது, பால்மாடு நிறைந்த பள்ளத்தாக்குகள். அங்கே பெந்தெகொஸ்தே திருநாளுக்கு, அதாவது ஈஸ்டர் முடிந்து ஏழாவது ஞாயிறுக்கு, வீட்டுக்கு வீடு சுட்ட இனிப்பு இந்த டார்ட். மைதாவும் வெண்ணெயும் சேர்த்துப் பொரபொரவென்று சுட்ட ஓட்டுக்குள், பாலைத் திரியவைத்து வடித்த கட்டி, வெண்ணெய், சர்க்கரை, முட்டை, சின்னக் கருந்திராட்சை, கொஞ்சம் ஜாதிக்காய். ஜாதிக்காய்க்குப் பதில் ஆல்ஸ்பைஸ் போடுகிறவர்களும் உண்டு. பழைய முறைகள் சிலவற்றில் ரோஜாப் பன்னீரும் சேரும், இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேண்டியிருக்கும். வழவழப்பான சீஸ் கேக் மாதிரி இது இருக்காது. கடித்தால் நாக்கில் மெல்லிய மணல்மணலாகத் தட்டுப்பட வேண்டும், அதுதான் இதன் அடையாளம்.

அந்த மணல்தன்மையைத் தருவதுதான் கர்ட். இப்போது சொல்லுக்கு வருவோம்.

> தயிர் டார்ட் என்றாலே போதுமே, இதில் என்ன குழப்பம்?

குழப்பம் அடுப்பில் தெரியும், ஐயா. பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் தண்ணீர். உறை ஊற்றினால் நுண்ணுயிர்கள் மெதுவாகப் பாலைப் புளிக்கவைத்து, புளிப்பின் அளவான பிஹெச் 4.6 பக்கம் வரும்போது கேசின் புரதம் வலையாகப் பின்னிக்கொள்ளும், ஆனால் அந்தத் தண்ணீர் முழுக்க வலைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் தயிர். சூடான பாலில் எலுமிச்சைச் சாறு விட்டால் நடப்பது வேறு: புரதம் சட்டென்று கூடிக் கட்டிகளாகிவிடும், தண்ணீர் தனியே பிரிந்து பச்சை மஞ்சளாக நிற்கும். ரென்னட் (பாலைக் கெட்டியாக்கும் நொதி) விட்டுச் செய்யும் முறையில் முதலில் தயிர் மாதிரியே கெட்டியாகும், பிறகு கத்தியால் வெட்டிவிட்டால்தான் தண்ணீர் பிரியும். எந்த முறையானாலும் சரி, தண்ணீர் பிரிந்த பிறகு மிஞ்சுவதுதான் யார்க்‌ஷயர்க்காரர் சொல்லும் கர்ட். குறிப்பில் ‘300 கிராம் தயிர்’ என்று எழுதினால் வாசகர் பாக்கெட் தயிரை வாங்கி ஊற்றுவார், அடி ஓடு ஊறிப்போய் களியாகக் கிடக்கும், திட்டு நமக்கு வரும்.

‘சரி, கர்ட் என்றே ஒலிபெயர்த்துவிடலாமே’ என்று கோவை நண்பர் கேட்டிருக்கிறார். மற்ற இடத்தில் ஒப்புக்கொள்வேன், டார்ட் என்பதை அப்படித்தான் விட்டிருக்கிறோம். ஆனால் கர்ட் ரைஸ் என்றால் தயிர்ச்சாதம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும் நாட்டில் இது எடுபடாது. 2023 மார்ச்சில் தயிர்ப் பாக்கெட்டில் ‘தஹி’ என்று அச்சிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லி, தமிழ்நாடும் கர்நாடகமும் கொதித்தெழுந்து, அந்த மாதம் முடிவதற்குள் ஆணையமே இறங்கிவந்து கர்ட் என்று போட்டு அடைப்புக்குள் தயிர் என்று போட்டுக்கொள்ளலாம் என்று திருத்தியது நினைவிருக்கும். கர்ட் என்றால் தயிர் என்பது இங்கே பாக்கெட்டிலேயே ஏறிவிட்ட பொருள். அதை நாம் ஒரு சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு அசைக்க முடியாது. இலங்கையில் இன்னும் மோசம், அங்கே கர்ட் என்றாலே சட்டியில் வரும் எருமைத் தயிர்தான், கித்துள் பாணியோடு (கித்துள் என்ற பனைவகையின் பாகு).

> பன்னீர் என்று போட்டால் கடையில் கேட்டு வாங்கவும் வசதி

பொருளில் இதுதான் மிக நெருக்கம், மறுக்கவில்லை. பன்னீரும் சூடான பாலில் புளிப்பு விட்டுத் திரியவைப்பதுதான். ஆனால் அதைக் கல்லோ எடையோ வைத்து அழுத்திப் பாளமாக்குகிறோம், துண்டு போட்டால் குழம்பில் கரையாமல் நிற்கவேண்டும் என்பதற்காக. டார்ட்டுக்கு அழுத்தக் கூடாது, துணியில் தொங்கவிட்டு வடித்தால் போதும். கடைப் பன்னீரைத் துருவிப் போட்டுச் சுட்டால் ரப்பர்த் துணுக்குகள்தான் கிடைக்கும். உணவக அட்டைகளில் பன்னீரை காட்டேஜ் சீஸ் என்று எழுதிவைத்திருக்கிறார்கள், இங்கிலாந்துக் கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது டப்பாவில் வரும் நெகிழ்ந்த பண்டம், அவசரத்துக்கு அதை வடிகட்டியில் வைத்து நீர் இறக்கி இந்த டார்ட்டில் போடுகிறார்கள். ஆக ஒரு பெயரில் இரண்டு பொருள் ஏற்கெனவே ஓடுகிறது, நாமும் சேர்ந்து மூன்றாவதை ஏற்றவேண்டாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் நம் தமிழிலேயே இருக்கிறது. கல்யாண வீட்டு வாசலில் தெளிப்பதும் பன்னீர்தானே. மேலே நினைவில் வைக்கச் சொன்ன ரோஜாப் பன்னீர் இங்கே வருகிறது: ‘300 கிராம் பன்னீரை உதிர்த்து அதில் ஒரு தேக்கரண்டி பன்னீர் விடவும்’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். நான் எழுதிப் பார்த்தேன், சிரிப்புத்தான் வந்தது. ஒன்றைப் பனீர் என்று குறுக்கி எழுதலாம் என்றால், அச்சுப்பிழை என்று யாராவது திருத்திவிடுவார்கள்.

பாலாடைக்கட்டியை எடுத்துப் பேசியவர்களுக்குச் சுருக்கமாக: அது சீஸுக்கு நிலைத்துவிட்டது. பாலாடைக்கும் சீஸுக்கும் என்ன உறவு என்ற பழைய சண்டையை இங்கே இழுக்க வேண்டாம். யாழ்ப்பாணத்து அக்கா சொன்னபடி அங்கே பாற்கட்டி, அதுவும் சீஸ்தான். கர்ட்டிலிருந்துதான் சீஸ் செய்கிறோம் என்று நாளைக்கு யாராவது ஒரு கட்டுரை எழுதினால், பாலாடைக்கட்டியிலிருந்து பாலாடைக்கட்டி செய்கிறோம் என்று ஆகிவிடும். திரட்டுப்பாலும் அப்படியே, பாலைச் சுண்டக் காய்ச்சிக் கிண்டும் இனிப்புக்கு அந்தப் பெயர் பதிவாகிவிட்டது, தொடவேண்டாம்.

திரிபால் என்ற யோசனை எனக்குப் பிடித்திருந்தது. திரிதல் சரியான வினை, வீட்டில் எல்லாரும் சொல்வது. ஆனால் ‘பால் திரிஞ்சு போச்சு’ என்றால் காலைக் காப்பி போச்சு என்று பொருள், கெட்டுப்போன வாடை அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை, பழகிவிடும். என் தயக்கம் வேறு: திரிபால் என்பது கட்டியும் தண்ணீருமாகப் பாத்திரத்தில் கிடக்கும் அந்த நிலையைத்தான் சொல்கிறது. நமக்கு வடித்த பிறகு துணியில் நிற்பதற்கு ஒரு பெயர் வேண்டும்.

என் பரிந்துரை: திரளை. தனியே நின்றால் தெளிவில்லை என்ற இடத்தில் பால்திரளை.

புதிதாகச் செதுக்கிய சொல் இல்லை இது. உருண்டை, கட்டி என்ற பொருளில் அகராதியில் இருக்கிற சொல்தான், புழக்கம் குறைந்துபோய்ச் சும்மா கிடக்கிறது. உருள் உருளை ஆனது போல திரள் திரளை. சிதறிக் கிடந்தது ஒன்றுகூடிக் கட்டியாவதைத்தான் திரள்வது என்கிறோம், பாலில் நடப்பதும் அதுவே. ‘வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது’ என்கிறோமே, அப்படியானால் இது வெண்ணெய்க்குரிய சொல் அல்லவா என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். வெண்ணெய்க்கு அது வினை மட்டும்தான், வெண்ணெயை யாரும் திரளை என்று கூப்பிடுவதில்லை. கடையும்போது கொழுப்பு திரள்கிறது, புளிப்பு பட்டால் புரதம் திரள்கிறது, வினை பொதுவாக இருப்பதில் எனக்கு இடைஞ்சல் தெரியவில்லை.

ஒரு கலைச்சொல்லை ஒரே இடத்தில் வைத்துப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது, பக்கத்து வீடுகளிலும் புழங்குகிறதா என்று பார்க்கவேண்டும். டோஃபுவை பீன் கர்ட் என்பார்கள்: சோயாப் பாலில் கால்சியம் சல்ஃபேட்டோ மெக்னீசியம் குளோரைடோ போட்டுத் திரியவைத்து அழுத்துவது. சோயாத் திரளை, அழகாக உட்காருகிறது. சோயாத் தயிர் என்றால் அது வேறு பண்டம். வங்காளத்து ரசகுல்லாவின் சேனா, அதுவும் திரளைதான். காலிஃபிளவரின் வெள்ளைத் தலையையும் தோட்டக்கலைக்காரர்கள் கர்ட் என்பார்கள், அதைப் பூ என்றே விட்டுவிடலாம். லெமன் கர்டில் பால் திரிவதே கிடையாது, முட்டை, சர்க்கரை, வெண்ணெய், எலுமிச்சை சேர்த்துக் கிண்டிய கூழ் அது, எலுமிச்சைக் கூழ் என்றால் தீர்ந்தது. ஆங்கிலத்தில் ஒரே பெயர் இருக்கிறது என்பதற்காக நாமும் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்ட வேண்டியதில்லை.

கூடவே பிரியும் தண்ணீருக்கும் பெயர் வேண்டும். மோரை அசைக்காமல் வைத்தால் மேலே நிற்பதை மோர்த்தெளிவு என்று சில வீடுகளில் சொல்வதுண்டு, சுண்ணாம்புத் தெளிவு எல்லாருக்கும் தெரியும். இதைப் பால்தெளிவு என்று வைக்கலாம். ஆக, தயிர் உறைகிறது, பால் திரிகிறது, துணியில் நிற்பது திரளை, கீழே இறங்குவது தெளிவு.

சொல் வேலை செய்கிறதா என்று பார்க்கக் குறிப்பையே எழுதிப் பார்த்திருக்கிறேன், எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்:

‘முழுக் கொழுப்புப் பால் 2 லிட்டரைக் காய்ச்சிப் பொங்கி வரும் நேரம் அடுப்பை அணைக்கவும். இரண்டு எலுமிச்சையின் சாற்றைச் சுற்றி விட்டு, கரண்டியால் ஒரே ஒரு முறை மெதுவாகக் கலக்கவும். பால் திரிந்து தெளிவு பிரிந்ததும் (பிரியாவிட்டால் இன்னும் கொஞ்சம் சாறு) கால்மணி நேரம் அப்படியே விட்டு, மெல்லிய துணியில் ஊற்றி மூன்று நான்கு மணி நேரம் தொங்கவிடவும். பிழிய வேண்டாம், எடை வைக்க வேண்டாம். வடிந்த திரளையில் 300 கிராம் எடுத்து முள்கரண்டியால் உதிர்க்கவும், மிக்சியில் அடிக்க வேண்டாம். 75 கிராம் வெண்ணெயும் 75 கிராம் சர்க்கரையும் குழைத்து, இரண்டு முட்டையை அடித்துச் சேர்த்து, திரளை, 60 கிராம் கருந்திராட்சை, எலுமிச்சைத் தோல் துருவல், அரைத் தேக்கரண்டி ஜாதிக்காய்த் தூள், விருப்பப்பட்டால் ஒரு தேக்கரண்டி ரோஜாப் பன்னீர் கலக்கவும். முன்பே சுட்டுவைத்த 22 செ.மீ. மாவோட்டில் நிரப்பி, 180 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரம், நடுப்பகுதி லேசாக ஆடும் பதம்வரை சுடவும்.’

எனக்கு எங்கும் இடறவில்லை. ‘பிழிய வேண்டாம், எடை வைக்க வேண்டாம்’ என்று சொல்லும் இடத்தில் பன்னீர் என்றிருந்தால் வாசகர் கை தானாகவே அம்மிக்கல்லைத் தேடும். தெளிவைக் கொட்டாமல் சப்பாத்தி மாவு பிசையலாம் என்று ஒரு வரி சேர்க்கலாம். ரென்னட் முறையையும் கொடுப்பதாக இருந்தால், அட்டைப்பெட்டியில் வரும் மிகைச்சூட்டுப் பால் (UHT) அதற்கு ஒழுங்காகக் கெட்டியாகாது என்பதை எழுதியே ஆகவேண்டும்.

இன்னொரு செய்தி, சொல்லோடு நேரடித் தொடர்பில்லை, ஆனால் முன்னுரைக்கு உதவும். மாடு கன்று ஈன்ற முதல் சில நாள் பாலை, நம் சீம்பாலை, இங்கிலாந்தின் வடக்குப் பண்ணைகளிலும் வீணாக்காமல் இனிப்பு செய்திருக்கிறார்கள். புரதம் மிகுந்த பால் என்பதால் எலுமிச்சை, ரென்னட் எதுவும் இல்லாமல் சூட்டிலேயே கெட்டியாகிவிடும். நாம் வெல்லமும் ஏலக்காயும் போட்டோம், அவர்கள் முட்டை இல்லாமலே கஸ்டர்ட் பதத்துக்குச் சுட்டுக்கொண்டார்கள். சீம்பாலுக்கு நல்ல சொல் கையில் இருப்பதால் அந்தப் பத்தி எழுத எந்த வாதமும் தேவைப்படாது.

பால்வளத் துறையிலோ கால்நடைக் கல்லூரியிலோ வேலை செய்கிறவர்கள் இந்தக் குழுவில் சிலர் இருக்கிறீர்கள். அங்கே பாடத்தில் இதற்கு ஏற்கெனவே வேறொரு சொல் ஓடுகிறது என்றால் சொல்லுங்கள், திரளையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், வழக்கில் இருப்பதற்கே முன்னுரிமை. இல்லையென்றால் ஞாயிறு இரவு பட்டியலில் ஏற்றிவிடுவேன். குறிப்பில் நுழைந்துவிட்ட ‘மாவோடு’ பற்றியும், பருப்பை நிரப்பி வெறும் ஓட்டை முதலில் சுடுவதற்கு ‘வெற்றோட்டுச் சுடல்’ சரியா என்பதைப் பற்றியும் தனி இழை திறக்கிறேன், தயவுசெய்து இங்கே தொடங்கிவிடாதீர்கள்.