சென்னை - சிங்கப்பூர்: தூரம் ஒன்றுதான், நேரம் ஏன் மாறுகிறது?
(மூவரின் பதில்கள், அவரவர் புனைபெயரில்)

ஜன்னல்சீட்டு
மீனம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு நேர்வழியில் சுமார் 2,900 கி.மீ. மணிக்கு 870 கி.மீ. வேகம் என்று வைத்து வகுத்தால் 3 மணி 20 நிமிடம்தான் வரும். டிக்கெட்டிலோ 4 மணி 10 நிமிடம், அதற்கு மேலும் போட்டிருக்கும். அந்தக் கணக்கு கேட்டை விட்டு நகர்வதில் தொடங்கி சாங்கியில் கேட்டருகே போய் நிற்பதுவரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வேகம் குறைவாக ஏறி இறங்குவது, இறங்கும் வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். விமானி மைக்கில் சொல்லும் நேரம் வானில் இருக்கும் நேரம் மட்டும். அதனால்தான் அது குறைவாகக் கேட்கிறது.

ராத்திரிவண்டி
நேர வித்தியாசத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். இரவு 11.15-க்குக் கிளம்பி காலை 5.55-க்கு இறங்கினால் 6 மணி 40 நிமிடம் இல்லை, 4 மணி 10 நிமிடம்தான். திரும்பும்போது அந்த இரண்டரையைக் கூட்ட வேண்டும்.

பலர் கோட்டை விடுவது தேதியில். 15-ஆம் தேதி 00.10 என்று இருந்தால் 14-ஆம் தேதி இரவு 9 மணிக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டு விமானங்களுக்குப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். 15 இரவு போய் நின்றால் புது டிக்கெட்தான்.

மேல்காற்று
‘கிழக்கே போனால் சீக்கிரம்’ என்பது ஐரோப்பா, அமெரிக்கா பக்கத்துக் கணக்கு. நம் அட்சரேகையில் ஜூன் முதல் செப்டம்பர்வரை உயரத்தில் கிழக்கிலிருந்து பலமாகக் காற்று வீசும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. மணிக்கு 70 கி.மீ. காற்று என்றாலே போக 3 மணி 38, வர 3 மணி 5 நிமிடம் ஆகிவிடும். ஆடி மாதத்தில் போகும் விமானம் அரைமணி கூட எடுத்தால் பதற வேண்டாம்.

ஜன்னல்சீட்டு
அதே மாதங்களில்தான் சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் இடிமழை வரிசையாக வந்து சாங்கியைத் தாண்டும். நம் இரவு விமானங்கள் இறங்கும் வேளையும் அதுதான். வட்டமடிக்க வைத்துவிடுவார்கள். திரும்பும் வழியில் தொல்லை ஜனவரியில்: போகிப் புகையும் பனியும் சேர்ந்த காலையில் சென்னையில் ஓடுபாதை தெரியாது. அன்று விடிகாலை இறங்கும் டிக்கெட்டைத் தவிர்த்து மதியத்துக்கு மேல் போடுங்கள்.

ராத்திரிவண்டி
கொழும்பு வழி மலிவாக இருக்கும். தூரம் சுமார் 3,400 கி.மீ. ஆகிறது, ஆனால் நேரத்தைத் தின்பது தூரம் இல்லை, நடுவில் காத்திருப்பது. இரண்டும் ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும். தனித்தனியாக வாங்கி முதல் விமானம் தாமதமானால், அடுத்ததற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும்.