பதுங்கித் தாக்கும் எதிரிகள்: எது நியாயமான கடினம்?

நண்பர்களுக்கு வணக்கம். வேலூர்க் கோட்டையின் அகழியையும் மதிலையும் மாதிரியாகக் கொண்டு, நானும் தம்பியும் ஒரு ஆக்‌ஷன் ரோல்பிளேயிங் கேம் (ஒரு பாத்திரமாக மாறிச் சண்டையிட்டு முன்னேறும் வீடியோ கேம்) உருவாக்கி வருகிறோம். தூண்களுக்குப் பின்னால் பதுங்கிய நான்கு வீரர்கள் ஒரே சமயத்தில் பாயும் இடத்தில், ஆடிப் பார்த்தவர்கள் அனைவரும் முதல் முறையே மடிந்து, இது திறமைக்கான சோதனை அல்ல, வெறும் ஏமாற்று என்கிறார்கள். எனக்கும் அப்படியே படுகிறது. 2014இல் வெளிவந்த டார்க் சோல்ஸ் 2 என்ற கேம் மீதும் இத்தகைய குறை கூறப்பட்டது. அதன் 2015 பதிப்பில் எதிரிகளின் இடங்கள் மாற்றப்பட்டன. நாங்களும் எங்கள் கேமில், பதுங்கியவர்களைக் காட்டிக்கொடுக்கத் தரையில் நீளும் நிழலையும், பின்வாங்க ஒரு குறுகிய வாயிலையும் சேர்த்துவிட்டோம். ஒருவர் வாளை ஓங்கும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டுமா, எவ்வளவு நேரம் காத்திருந்தால் அது செயற்கையாகத் தெரியாது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.