எங்கட வீட்டுக் கலியாணம்

(எங்கள் குடும்ப வட்சப் குழு. கலியாணம் அக்காவுக்கு. மச்சான் மாமியின் மகன்.)

வெள்ளி, இரவு

அக்கா: எல்லோருக்கும் ஒரு விடயம். கலியாணத்துக்குப் படம் எடுக்க இரண்டு பேரிடம் விலை கேட்டிருக்கிறேன். ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர். மற்றவர் இங்கே கிளிநொச்சியில் ஸ்ருடியோ வைத்திருப்பவர். யாழ்ப்பாணத்தவரின் முகநூலைப் பார்த்தால் சினிமா மாதிரி இருக்கிறது. விலையும் அப்படித்தான்.

அம்மா: எவ்வளவாம்?

அக்கா: அவுட்டோர், தாலிக்குப் பொன்னுருக்கு, கலியாணம், வரவேற்பு, ஒரு அல்பம், ட்ரோன், எல்லாம் சேர்த்து 385,000. இங்குள்ளவர் ட்ரோன் இல்லாமல் 210,000.

அப்பா: ஒரு போகத்து நெல்லு.

மச்சான்: மச்சாள், முகநூலில் கிடப்பவை அவர்களே பொறுக்கிப் போட்ட படங்கள். ஏதாவது ஒரு கலியாணத்தின் முழு அல்பத்தையும் காட்டச் சொல்லுங்கள், காலையில் தலையில் பால் அறுகு வைப்பதில் தொடங்கிக் கடைசிப் பந்தி வரை. மண்டபத்துக்குள் ஓமப் புகை எழும்பும்போது எப்படி எடுத்திருக்கிறார், மண்டப வெளிச்சத்தில் முகம் என்ன நிறத்தில் வந்திருக்கிறது, அதைப் பாருங்கள். பின்னேர வெயிலில் குளக்கட்டில் நிறுத்தினால் யார் எடுத்தாலும் வடிவாகத்தான் வரும்.

நான்: இவன் பழைய தொழிலைத் தொடங்கிவிட்டான்.

மச்சான்: லைட் பிடித்துக் கை உளைந்தவனுக்குத்தான் தெரியும் மச்சான். இன்னொன்று, கடைக்குப் பெயர் இருக்கும், ஆனால் அன்றைக்கு வருவது வேறு பெடியனாக இருக்கும். யார் நேரில் வருகிறார் என்று எழுத்தில் வாங்க வேண்டும்.

மாமி: எழுத்தில் அல்பம் தரும் நாளையும் போடச் சொல்லு பிள்ளை. மூத்தவளின் அல்பம் வந்த கிழமைதான் பேரனுக்குச் சோறு தீத்தினோம். அல்பம் பார்க்க வந்த சனத்துக்குப் பாயாசமும் கொடுத்தாயிற்று.

கனடா மாமா: 😂 இங்கேயும் அதே கதைதான்.

மச்சான்: அம்மா சொல்வது சரி. முற்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க வேண்டாம். மிச்சத்தில் ஒரு பகுதி அல்பம் கைக்கு வந்த பிறகுதான். அப்போதுதான் ஆள் ஓடி ஓடி வேலை செய்வார். கமராவில் இரண்டு மெமரி கார்ட் போடும் வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒரே படம் இரண்டிலும் பதிய வேண்டும். ஒன்று பழுதானால் தாலியைத் திரும்பக் கட்டச் சொல்ல முடியாது.

அக்கா: சரி, நாளைக்கு அவர்களிடம் கதைக்கிறேன். அவுட்டோர் எங்கே என்பதுதான் அடுத்த பிரச்சினை. மாப்பிள்ளை இரணைமடுக் குளம் என்கிறார், ட்ரோனும் வேண்டுமாம். அவருடைய சிநேகிதர்கள் நந்திக்கடல் பக்கம் சூரியன் மறையும்போது நல்லாய் இருக்கும் என்கிறார்களாம்.

அம்மா: நந்திக்கடல் பக்கம் வேண்டாம்.

அக்கா: சரி அம்மா.

மச்சான்: இரணைமடுவில் ட்ரோனை மறந்துவிடுங்கள். பக்கத்திலேயே விமானப்படை ஓடுதளம். சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி இல்லாமல் ஒருவன் பறக்கவிட்டால், பிடிபடுவது அவன் மட்டுமில்லை, பட்டுச் சேலையோடு நிற்கும் நீங்களும்தான். ட்ரோன் இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்து விலையில் பாதிக் காரணம் போய்விடும்.

அப்பா: நம்முடைய வயலுக்குப் போங்கோ. தையில் கதிர் முற்றி நிற்கும். காசில்லை, அனுமதியில்லை.

சின்னம்மா: எப்ப எடுக்கப் போகிறீர்கள்? பொன்னுருக்கின பிறகு பொம்பிளையும் மாப்பிள்ளையும் முகம் பார்க்கக் கூடாது, நினைவிருக்கட்டும்.

அக்கா: பதிவு எழுத்து முடிந்துவிட்டதே சின்னம்மா. சட்டப்படி நாங்கள் புருசன் பெண்சாதிதான்.

சின்னம்மா: சட்டம் கச்சேரியில். பொன்னுருக்கு வீட்டில்.

நான்: மார்கழியில் எடுத்தால்?

அம்மா: மார்கழியில் ஒன்றும் வேண்டாம். மழையும் விடாது.

மச்சான்: அப்படியென்றால் பொங்கலுக்கும் பொன்னுருக்குக்கும் இடையில் ஒரு நாள். அதற்குள் வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கிவிடும், மாமா, ஒரு வரம்போரத் துண்டையாவது விட்டுவையுங்கள்.

அப்பா: உருத்திரபுரம் முழுக்க உன் மச்சாளுக்காக அறுவடையை நிற்பாட்டச் சொல்லவா? சரி, கிழக்குத் துண்டு கடைசியில்தான் வெட்டுவது.

சனி, காலை

அக்கா: முழு அல்பமும் காட்டச் சொன்னேன். யாழ்ப்பாணத்தவர் "எங்கள் பேஜைப் பாருங்கள்" என்றார். இங்குள்ளவர் ஸ்ருடியோவுக்கு வரச்சொல்லி மூன்று அல்பங்களை எடுத்துப் போட்டார். ஒன்றில் மணவறை ஊதா லைட்டில் பொம்பிளையின் முகம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அவரே சொன்னார், "இது சோடினைக்காரனின் லைட், தங்கச்சி. உங்களுடையதில் முன்பே சொல்லி வெள்ளை லைட் போட வையுங்கள்" என்று. குறையை மறைக்காததால் எனக்குப் பிடித்துவிட்டது.

மச்சான்: அவரையே பிடியுங்கள். சோடினைக்காரரிடம் நான் கதைக்கிறேன். மலிவு எல்இடி என்றால் நிறம் மட்டுமில்லை, வீடியோவில் கோடு கோடாக ஓடும். நம்முடைய மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதற்குத் தக்க ஷட்டர் வேகம் வைக்காவிட்டால் அப்படித்தான். அந்த மனுசனுக்கு அது தெரிந்திருக்கும்.

அக்கா: ஒரு சிக்கல். காலையில் பால் அறுகு இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில். இங்கே ஒருவர், வவுனியாவில் ஒருவர் வேண்டும். ஒருவரே இரண்டையும் எடுக்க முடியாதா?

நான்: வவுனியாவிலிருந்து இங்கே வர ஒன்றரை மணித்தியாலத்துக்குக் குறையாது அக்கா. பால் அறுகு வைத்துத் தலைப்பாகை கட்டுவதை எடுத்துவிட்டு, மாப்பிள்ளையின் வாகனத்திலேயே ஏறி வரக்கூடிய ஒருவர் வேண்டும். வழியில் முறிகண்டியில் தேங்காய் உடைப்பதும் படமாகும்.

அக்கா: அதற்கு 25,000 கூடக் கேட்கிறார். கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். மாப்பிள்ளையின் அம்மா ஆசைப்படுவார்.

அப்பா: கொடு.

மாமி: தாலி கட்டும்போது மணவறையைச் சுற்றிக் கமராக்காரர் நாலு பேர் முதுகு காட்டிக்கொண்டு நிற்பார்கள். கீழே இருக்கிற சனம் கெட்டிமேளச் சத்தத்தை வைத்துத்தான் தாலி கட்டியாயிற்று என்று அறிகிறது. அதற்கும் ஏதாவது சொல்லி வையுங்கோ.

மச்சான்: சொல்லலாம். ஒருவர் வலது பக்கம் கீழே இருந்து, மற்றவர் தூரத்திலிருந்து பெரிய லென்சில். ஆனால் அம்மா, கமராக்காரரைவிட மோசம் போன் தூக்குகிற சொந்தக்காரர். போன கலியாணத்தில் தாலிக்கும் கமராவுக்கும் நடுவில் வந்த கை யாருடையது?

மாமி: என்னுடையதுதான். அதற்கென்ன.

சனி, இரவு

அக்கா: ஒப்பந்தம் எழுதும்போது அவர் ஒன்று கேட்டார். குடும்பப் படத்தில் இல்லாதவர்களைச் சேர்க்க வேண்டுமா, இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள், நல்ல படம் இருந்தால் சேர்த்துத் தருவேன் என்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. சின்னம்மா, சித்தப்பாவை...

அம்மா: பிள்ளை, இதைக் குழுவில் கேட்பதா.

சின்னம்மா: கேட்கட்டும் அக்கா. எனக்கு விருப்பம்தான். என்னிடம் இருப்பது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். மிச்ச அல்பமெல்லாம் கடைசி யுத்தத்தில் மாத்தளன் வரை தூக்கிக்கொண்டு போய் விட்டதுதான். அவரைத் தேடி மனுக் கொடுத்த இடமெல்லாம் அந்த அட்டைப் படத்தைத்தான் கொடுத்தேன். கலியாணப் படத்தில் அந்த முகம் வேண்டாம். வேறு இருந்தால் சேருங்கோ.

கனடா மாமா: பொறு தங்கச்சி. ஏ9 பாதை திறந்த பிறகு 2003இல் நான் வந்தேனே. வவுனியாவிலிருந்து வரும் வழியில் முறிகண்டியில் இறங்கிக் கச்சான் கடலை வாங்கினோம். அவர் கச்சான் சுற்றிய கடதாசிச் சரையோடு நின்று சிரிக்கிற படம் ஒன்று எடுத்தேன். ரொறன்ரோவில் கழுவினது. நெகட்டிவும் பெட்டியில் இருக்க வேண்டும்.

கனடா மாமா: இருக்கிறது. கையில் வைத்திருக்கிறேன். இந்தா.

கனடா மாமா: [படம்]

சின்னம்மா: ஓம். இது அவர்தான். அந்தச் சேட் நான் வாங்கிக் கொடுத்தது.

மச்சான்: போன் கமராவால் எடுத்த படம் போதாது. நெகட்டிவை ஸ்கான் செய்யும் கடையில் கொடுங்கள், அளவு பெரிதாக வேண்டும் என்று சொல்லுங்கள். பிறகு வட்சப்பில் சும்மா அனுப்ப வேண்டாம், அது படத்தைச் சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் கூகுள் ட்ரைவில் போடுங்கள்.

மச்சான்: ஒட்டின படம் ஒட்டினதாகத் தெரிவது ஏன் என்றால், வெளிச்சம் பொருந்தாது. எல்லோருக்கும் ஒரு பக்கம் வெயில், அவருக்கு மட்டும் மறுபக்கம். இந்தப் படத்தில் வெளிச்சம் நமக்கு இடது பக்கத்திலிருந்து, கொஞ்சம் மேலேயிருந்து வருகிறது. கமரா நெஞ்சு உயரத்தில். அவருடைய வெளிச்சத்தை மாற்ற முடியாது. அதனால் நாங்கள் எல்லோரும் அவருக்குப் பொருந்த நிற்க வேண்டும்.

நான்: எப்படி?

மச்சான்: பின்னேரம் என்றால் மேற்கு வெயில் இடப்பக்கம் வர, எல்லோரும் தெற்கே பார்த்து நிற்க வேண்டும்.

அம்மா: கலியாணப் பிள்ளையைத் தெற்கே பார்க்க நிற்பாட்டுவதா? ஒரு போதும் இல்லை.

மச்சான்: அப்படியென்றால் காலையில், மாமி. கிழக்கு வெயில், முகம் வடக்கே. வெளி அவுட்டோர் அன்றைக்கே, காலை எட்டரைக்கு வீட்டு முற்றத்தில். சின்னம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட வேண்டும். யாரும் தோளைச் சாய்த்து அதற்குள் வந்துவிடக் கூடாது.

சின்னம்மா: எனக்கு வலப் பக்கம் விடு.

கனடா மாமா: திங்கள் கடைக்குப் போகிறேன்.

அடுத்த ஞாயிறு

சின்னம்மா: அம்மம்மாவின் குரல் பதிவு, எழுதிவிடுகிறேன். "மோனை, என்னையும் கதிரையில இருத்தி எடுங்கோ. நிண்டு எடுக்க ஏலாது. கண்ணாடியைக் கழட்டச் சொல்லாதேங்கோ, கழட்டினா நான் மாதிரி இல்லை."

மச்சான்: அம்மம்மாவின் கண்ணாடி வெயிலில் கறுக்கிற கண்ணாடி. அதோடு எடுத்தால் கறுப்புக் கண்ணாடி போட்ட நடிகை மாதிரி வருவார். பழைய வெள்ளைக் கண்ணாடி இருந்தால் எடுத்து வையுங்கள். தலையைக் கொஞ்சம் தாழ்த்தினால் கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காது.

அக்கா: எனக்கு என்ன சொல்கிறாய்? நானும் இருக்கிறேன்.

மச்சான்: உங்களுக்குத்தான் நீளம். பேசியல் செய்வதென்றால் ஒரு கிழமைக்கு முன்பே செய்து முடியுங்கள், முதல் நாள் செய்து முகம் சிவந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மருதாணி இரண்டு நாளைக்கு முன். முதல் நாள் செம்மஞ்சளாக இருக்கும், பிறகுதான் கறுத்துச் சிவக்கும். மேக்கப் போடுபவரிடம் வெயில் கிறீம் பற்றிக் கேளுங்கள். சில கிறீம்களில் இருக்கிற சிங்க் ஒக்சைட், ரைற்றேனியம் டயொக்சைட் பிளாஷ் பட்டதும் வெள்ளையாகத் திருப்பி அடிக்கும். நேரில் ஒன்றும் தெரியாது, படத்தில் மட்டும் மாப்பூசின முகம். மேக்கப்பை ஒத்திகை பார்க்கும் நாளில் இருட்டறையில் போன் பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்தால் போதும்.

அக்கா: உடுப்பு?

மச்சான்: இரண்டுக்கு மேல் வேண்டாம். வயல் பொன் நிறத்தில் நிற்கும், அதற்குள் மஞ்சள் சேலை காணாமல் போய்விடும். பச்சை அல்லது கடும் நாவல் நிறம். பின்னேரம் நாலே முக்காலுக்கு வயலில் நில்லுங்கள். தையில் ஆறேகாலோடு வெயில் போய்விடும், அதற்குப் பிறகு இருட்டு ஓடி வரும். வரம்பில் ஈரம் இருக்கும், நல்ல செருப்பைக் கையில் எடுத்து வாருங்கள்.

மாமி: மாப்பிள்ளைக்கு வரம்பில் நடக்கத் தெரியுமா? வவுனியா ரவுண் பெடியன்.

அப்பா: விழுந்தால் அதையும் எடுக்கச் சொல்லு.

நான்: மண்டபத்துக் குறூப் போட்டோவுக்கு யார் யார் என்று பட்டியல் போடுகிறேன். போன கலியாணத்தில் படமெடுப்பவர் "மற்ற ஆட்கள் வாங்கோ" என்றுகொண்டு நின்றார், அப்பாவின் கூடப்பிறந்தவர்கள் ஒருவரும் அல்பத்தில் இல்லை. அவருக்கு எங்கள் சொந்தம் தெரியாது. பெயர் சொல்லிக் கூப்பிட நம் ஆள் ஒருவர் மணவறைப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அம்மா: மாமி நிற்கட்டும். சத்தமும் இருக்கிறது, சொந்தமும் தெரியும்.

மாமி: நிற்கிறேன். போனையும் உன்னிடம் தந்துவிடுகிறேன், பிறகு கை வந்தது கால் வந்தது என்று சொல்லாதேங்கோ.

நான்: வயதானவர்களையும் ஒட்டுசுட்டான், முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வருபவர்களையும் முதலில் எடுப்போம். அவர்கள் சாப்பிட்டவுடன் வெளிக்கிட்டுவிடுவார்கள். இருட்டினால் ஒட்டுசுட்டான் வீதியில் யானை.

அக்கா: ஒப்பந்தம் எழுதியாயிற்று. 235,000, வவுனியாவுக்குப் போகும் ஆளோடு சேர்த்து. முற்பணம் 75,000 கட்டிவிட்டேன். அல்பம் பங்குனிக்குள். குடும்பப் படம் தனியாகப் பெரிதாக அச்சடித்து நாலு பிரதி: இங்கே, விசுவமடு, மல்லாவி, கனடா. எல்லாப் படங்களும் ஒரு ஹார்ட் டிஸ்கில், அதன் பிரதி ஒன்று மாமாவிடம் ரொறன்ரோவில் இருக்கும்.

கனடா மாமா: ஸ்கான் செய்து ட்ரைவில் போட்டுவிட்டேன். அவர் கையிலிருக்கும் கச்சான் சரையை எடுத்துவிடவா என்று கடைக்காரன் கேட்டான்.

சின்னம்மா: கச்சான் இருக்கட்டும்.

மச்சான்: நல்லது, கையை மறைக்கத் தேவையில்லை. படமெடுப்பவருக்கும் வேலை குறைவு.

மாமி: படமெடுக்க வருகிற பெடியங்களுக்கு முதல் பந்தியிலேயே இலை போட வேண்டும். பசியோடு நிற்கிறவன் யாருடைய தலையை வெட்டி எடுப்பான் என்று தெரியாது. எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டுச் சொல்லு பிள்ளை, சமையல்காரரிடம் நாளைக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும்.

அக்கா: சாரதியோடு நாலு பேர்.

மாமி: சரி, ஐந்து என்று சொல்கிறேன்.