மறு: ஸ்மோக் அலாரத்துக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

கொழிஞ்சாம்பாறை டீச்சர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியின் தமிழ்ப் பிரிவுக்காக வீட்டுத் தீப் பாதுகாப்பு பற்றி ஒரு துண்டுத்தாள் தயாராகிறது. மலையாளத்தில் வந்ததை நான் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். இந்தப் பக்கம் வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவர்கள் அந்தச் சின்ன வெள்ளை வட்டத்தை வாங்கி வந்து மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது எதற்கு என்பது வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்குத் தெரிவதில்லை. மலையாளத் தாளில் ‘ஸ்மோக் அலாரம்’ என்றே இருக்கிறது, ஓரிடத்தில் ‘ஸ்மோக் டிடெக்டர்’ என்றும் வருகிறது. இரண்டும் ஒன்றா? தமிழில் என்ன போடட்டும்?

வேலந்தாவளம் எலக்ட்ரீஷியன்:

ஒன்றில்லை டீச்சர். டிடெக்டர் புகையை உணர்வதோடு சரி. ஆஸ்பத்திரி, லாட்ஜ் மாதிரி இடங்களில் அது பேனலுக்குத் தகவல் அனுப்பும், மணியடிக்க வைப்பது பேனல். வீட்டில் மாட்டுகிற அலாரம் உணர்வதும் கத்துவதும் தானேதான். ஆகவே இரண்டு சொல் வேண்டும். வாடிக்கையாளரிடம் நான் ‘புகை அலாரம்’ என்றுதான் சொல்கிறேன், யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

சித்தூர் ஐயா (பாலக்காட்டுச் சித்தூர் அன்று, ஆந்திரச் சித்தூர்):

டிடெக்டருக்குப் ‘புகையுணரி’. அதில் சிக்கல் இல்லை. அலாரத்துக்குப் ‘புகையலறி’ என்று முன்மொழிகிறேன். விசிறு – விசிறி, துருவு – துருவி, அலறு – அலறி. இலக்கணம் இடிக்கவில்லை. அத்துடன், ‘அலாரம்’ என்பதே நம் ‘அலறு’ கடல் கடந்து போய்த் திரும்பி வந்த உருவமோ என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. அலறு, அலறம், அலாரம். அரிசியும் இஞ்சியும் கப்பலேறிய வழியில் இதுவும் ஏறியிருக்கலாம் அல்லவா?

நகரி அம்மா:

ஐயா மன்னிக்கணும். அலாரம் இத்தாலியப் படைவீரர்களின் கூவல். ‘அல்லார்மே’ என்றால் ‘ஆயுதத்தை எடு’. அங்கிருந்து பிரெஞ்சு, அப்புறம் ஆங்கிலம். உங்கள் வழியில் வந்திருந்தால் ‘ல’ ஏன் நெடிலாயிற்று என்பதற்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். இன்னொன்று, ‘அலறி’யை வாயால் சொல்லிப் பாருங்கள். றகர ரகர வேறுபாடு பேச்சில் போய்ப் பல காலமாயிற்று. கேட்கிறவர்கள் அலரிப்பூ, அதாவது அரளி என்றுதான் நினைப்பார்கள்.

பாலக்காடு மாஷ்:

‘புகையறிவிப்பான்’ போதாதா?

சித்தூர் ஐயா:

‘ஆன்’ ஆண்பால் விகுதி. ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு எதற்கு மீசை?

பாலக்காடு மாஷ்:

பிள்ளைகள் பென்சில் பெட்டியில் ‘அழிப்பான்’ வைத்திருக்கிறார்களே, அதற்கு மீசை முளைத்துவிட்டதா? சரி, அது வேண்டாம் என்றால் ‘புகை அபாயமணி’ என்று போடலாம். ரயிலில் அபாயச் சங்கிலி எல்லோருக்கும் தெரியும், மலையாளத்திலும் ‘அபாயச்சங்ஙல’தான். எல்லைப் பக்கத்து வீட்டுக்குச் சட்டென்று பிடிபடும்.

சித்தூர் ஐயா:

அலாரத்தை வாசலில் விரட்டிவிட்டு அபாயத்தைப் பின்கட்டு வழியாகக் கூட்டிவருகிறீர்கள். இரண்டும் இரவல். ‘புகை’யைப் பாருங்கள்: மலையாளத்தில் புக, தெலுங்கில் பொக, கன்னடத்தில் ஹொகெ. ‘புகு’ என்பதிலிருந்து வந்தது என்பேன், எங்கும் புகுவதால்.

நகரி அம்மா:

காற்றும் எங்கும் புகுகிறது, தண்ணீரும் புகுகிறது. அதற்கெல்லாம் ஏன் அந்தப் பெயர் வரவில்லை?

(இதற்குப் பிறகு ‘புகு’ பற்றி வந்த கடிதங்களை இங்கே தொகுக்கவில்லை. விரும்பியவர்கள் தனி இழையில் தொடரலாம். – மட்டுறுத்துநர்)

வேலந்தாவளம் எலக்ட்ரீஷியன்:

பெரியவர்கள் பேசி முடிக்கட்டும். டீச்சர், சொல் எதுவானாலும் இவ்வளவும் தாளில் வரட்டும். அலாரத்தில் முக்கியமாக இரண்டு வகை. ஒளி வகையில் உள்ளே ஒரு சின்ன அறை, அதில் ஓர் ஒளிக்கற்றை. புகை நுழைந்தால் ஒளி சிதறி உணரியின்மேல் விழும், உடனே கத்தும். மெத்தை, ஒயர் என்று கனன்று புகைகிற தீயை இது சீக்கிரம் பிடிக்கும். அயனி வகையில் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் துளியூண்டு இருக்கும். கொழுந்துவிட்டு எரிகிற தீயைக் கொஞ்சம் முந்திக் கண்டுகொள்ளும், ஆனால் மிளகாய் தாளித்தால்கூடக் கூப்பாடு போடும். நம் வீடுகளுக்கு நான் ஒளி வகையைத்தான் சொல்வேன். அடுப்பிலிருந்து 3 மீட்டராவது தள்ளி மாட்ட வேண்டும். சமையலறைக்குள் வேண்டுமென்றால் வெப்பத்தை உணர்கிற தனி அலாரம் இருக்கிறது. படுக்கிற அறை ஒவ்வொன்றிலும், அந்த அறைகளுக்கு வெளியிலும், மாடி இருந்தால் மாடியிலும் ஒன்று. புகை மேலே போகும், அதனால் சீலிங்கில்தான்.

மாதம் ஒரு தடவை பொத்தானை அழுத்திப் பார்க்கணும். சிலந்தியும் பூச்சியும் உள்ளே குடியேறினால் சும்மா சும்மா கத்தும், காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். பெயிண்ட் அடிக்கிறவர் அதையும் சேர்த்து அடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளணும். பின்பக்கம் தயாரித்த தேதி அச்சிட்டிருக்கும், அதிலிருந்து 10 வருஷம் ஆனால் கழற்றிப் புதிது மாட்ட வேண்டும், நன்றாகக் கத்தினாலும் சரி. மும்மூன்றாகக் கத்தினால் புகை. கார்பன் மோனாக்சைடையும் உணர்கிற மாடலில் நந்நான்காகக் கத்தினால் அந்த வாயு. விட்டு விட்டு ஒற்றைக் ‘கீச்’ என்றால் பேட்டரி தீர்கிறது. ஒரு வீட்டில் அந்தக் கீச்சைக் கேட்டுவிட்டு, எந்தத் திசைப் பல்லி என்று பஞ்சாங்கத்தில் பலன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாம்பிராணி போடும்போது பேட்டரியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிடுகிற வீடுகள்தான் அதிகம். அதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

பாலக்காடு மாஷ்:

‘கீச்சு’! நல்ல சொல். இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது.

(மறுப்பு வரவில்லை. – மட்டுறுத்துநர்)

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

இன்று வியாழன் இரவு. தலைப்பில் ‘புகை அலாரம்’, டிடெக்டர் வருகிற இடத்தில் ‘புகையுணரி’. மாஷும் நகரி அம்மாவும் சரி என்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அது கத்தினால் பாட்டி பேரனை எழுப்பி எந்தச் சொல்லைச் சொல்வாரோ அதைத்தான் நான் போட முடியும். சித்தூர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சித்தூர் ஐயா:

என் மாற்றுக் கருத்து பதிவில் இருக்கட்டும். பாட்டி ‘அலறுதுடா’ என்றுதான் எழுப்புவார். அது நிற்க. வரைவில் பேட்டரியை ‘மின்கலம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். 9 வோல்ட் பேட்டரிக்குள் ஒன்றரை வோல்ட் கலங்கள் ஆறு உண்டு. ஆகவே அது கலம் அன்று, கலங்களின் தொகுதி. ‘மின்கல அடுக்கு’ என்பதே...

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

ஐயா, அச்சுக்குப் போய்விட்டது.