மறு: மூழ்கிய படகினுள் கிளம்பும் வண்டலுக்கு ஒரு சொல்

அன்புள்ள அக்கா,

மூழ்கிய படகுக்குள் முக்குளிப்பவரைச் சுற்றி வண்டல் கிளம்பிக் கண்ணை மறைப்பதுதான் ‘சில்ட் அவுட்’. அதற்கு ‘வண்டல் வெளியேற்றம்’ வேண்டாம். சேறெல்லாம் வெளியே போய்த் தண்ணீர் தெளிந்துவிட்டது என்றுதான் படிப்பவர் நினைப்பார். நடப்பதோ நேர்மாறு.

உங்கள் கட்டுரையில் வருவது குளிர்ந்த கடலோரத்தில் மூழ்கிய சின்ன மீன்பிடிப் படகு. ஒருவர் நுழைந்தாலே நிறைந்துவிடும் சுக்கான் அறை, அதற்குக் கீழே மீன் அறை. காலில் மாட்டிய துடுப்பை ஒருமுறை மேலும் கீழுமாக உதைத்தால் போதும், தரையில் படிந்த நுண்மண் கிளம்பிவிடும். உதைக்காவிட்டாலும் மூச்சுக் குமிழிகள் கூரையில் மோதித் துருவை உதிர்க்கும். அடைபட்ட இடம், அள்ளிச் செல்ல நீரோட்டமும் இல்லை. தடித்த கையுறைக்குள் விரல் மரத்துப்போனவருக்கு வெளியே வர வழிகாட்டும் வழிக்கயிறு கையில் பட்டாலும் தெரியாது.

மட்டக்களப்பு நண்பரின் ‘சேற்றிருள்’ காதுக்கு இனிமைதான். ஆனால் அங்கே இருள் எங்கே இருக்கிறது? கையில் விளக்கு எரிகிறது. அந்த ஒளியே துகள்களில் பட்டுத் திரும்பிக் கண்ணை மறைக்கிறது. பனி இறங்கிய நேரத்தில் மலைநாட்டு ஹட்டன் வீதியில் பெரிய லைட்டைப் போட்டு ஓட்டியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே என் தெரிவு ‘வண்டல்மூட்டம்’. பனிமூட்டம், புகைமூட்டம் எல்லாம் ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் விளக்கமே தேவைப்படாது.

பாடநூல் வழியில் ‘அடையல்’ என்றே வைத்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். அடையல் அடியில் கிடப்பது. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் நீர் வற்றி, அதில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோவில் வெளியே தெரியும்போது காலில் ஒட்டுகிறதே, அதை அடையல் என்று சொல்லலாம். கிளம்பி மிதப்பதற்கு அது பொருந்தாது.

---

தம்பி,

மூட்டம் தானாக வருவது. இதை முக்குளிப்பவரே உண்டாக்குகிறார். பயிற்சிக் குறிப்பில் அந்தப் பொறுப்பு தெரிய வேண்டாமா?

---

அக்கா,

புகைமூட்டமும் யாரோ மூட்டிய நெருப்பில் வருவதுதானே? பொறுப்பை வினைச்சொல் சுமக்கட்டும்: ‘வண்டல்மூட்டம் கிளப்பாதீர்கள், முழங்காலை மடக்கித் தவளை உதை உதையுங்கள்.’

தண்ணீர் உள்ளே புகாத முக்குளிப்பு உடையான ‘டிரை சூட்’டைத் தனி மடலில் எடுப்போம். ‘உலர் உடை’ என்று எழுதினால், எங்கள் மழையில் அது கொடியில் காயாமல் கிடக்கும் துணியைத்தான் நினைவூட்டும்.