அமெரிக்காவில் வாங்கிய அபு ப்ளூரே இங்கே ஓடவில்லை: உதவி தேவை

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். சத்யஜித் ராயின் அபு வரிசைப் படங்கள் மூன்றும் அடங்கிய ப்ளூரே பெட்டியை என் அண்ணன் அமெரிக்காவிலிருந்து அனுப்பிவைத்தார். சென்னையில் வாங்கிய பிளேயரில் எந்த வட்டைப் போட்டாலும், பகுதி பொருந்தவில்லை என்ற அறிவிப்பு மட்டுமே வருகிறது. ஆனால் வெளிநாட்டு டிவிடிகள் இதில் நன்றாக ஓடுகின்றன. பழுது எதில்? மேலும், என்னிடமுள்ள 'பதேர் பாஞ்சாலி' பழைய டிவிடி 120 நிமிடம்தான். புதியதில் 125 என்று இருக்கிறது. முன்பு வெட்டிவிட்டார்களா?

பதில் 1:
எதிலும் பழுதில்லை, ஐயா. வட்டுகள் விற்கப்படும் நாட்டின் பகுதிக்குரிய பிளேயரில் மட்டும் ஓடும்படி பூட்டப்படுவதுண்டு. ப்ளூரேயில் அமெரிக்கா ஏ பகுதி, இந்தியா சி பகுதி. டிவிடிப் பூட்டும் ப்ளூரேப் பூட்டும் வேறு வேறு என்பதால், ஒன்று திறந்திருந்தாலும் மற்றொன்று மூடியே இருக்கும். பெட்டியின் பின்புறம் ஏ என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எல்லாப் பகுதிகளையும் ஏற்கும் பிளேயரே நிலையான வழி. ப்ளூரேயைவிடக் கூடுதல் தெளிவுள்ள 4கே யுஎச்டி வட்டுகளுக்குப் பகுதிப் பூட்டு கிடையாது; ஆனால் அவற்றுக்கு அதற்குரிய பிளேயர் வேண்டும்.

பதில் 2:
பெரும்பாலும் வெட்டு இல்லை. நொடிக்கு 24 சட்டமாக (ஃபிரேம்) எடுத்த படத்தை, பால் (PAL) எனும் தொலைக்காட்சி முறைக்கான டிவிடியில் 25 சட்டமாக ஓட்டுவார்கள். 125 நிமிடம் சரியாக 120 ஆகும். கூடவே சுருதியும் உயரும். அபுவின் தந்தை ஹரிஹரன் ஊர் திரும்பும் காட்சியில் தாய் சர்வஜயாவின் அழுகுரலுக்குப் பதிலாகத் தார் ஷெனாய் என்ற நரம்பு வாத்தியம் ஒலிக்குமே, அந்த இடத்தை இரண்டிலும் கேட்டுப் பாருங்கள். 1993இல் லண்டன் ஆய்வகத் தீயில் கருகிய இப்படங்களின் மூல நெகட்டிவ் சுருள்களை, பல ஆண்டுகளுக்குப் பின் இத்தாலியின் பொலோன்யா நகர வல்லுநர்கள் ஈரப்பதமூட்டி, கிழிந்த ஓரத் துளைகளைச் சீராக்கி மீட்டார்கள். 'பதேர் பாஞ்சாலி'யில் ஏறத்தாழ 40 விழுக்காடு அவ்வாறு மீண்டதுதான். எஞ்சியது பிற பிரதிகளிலிருந்து வந்தது. இத்தனை உழைப்பில் மீண்ட படத்தை அதற்குரிய வேகத்தில் பார்ப்பதே முறை.

கேள்வி கேட்டவர்:
பின்புறம் ஏ என்றே இருக்கிறது. கணினியில் பார்க்க இயலுமா?

பதில் 1:
ப்ளூரே டிரைவ் இருந்தால் இயலும். அங்கே பகுதியைச் சரிபார்ப்பது ஓட்டும் மென்பொருள்தான். அதில் ஏ என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் சில முறைக்கு மேல் மாற்ற விடாது. படத்தின் இருபுறமும் கறுப்புப் பட்டை தெரியும். அது படத்தின் இயல்பான சட்ட அளவு, திரையை நிரப்ப இழுத்துவிடாதீர்கள்.